நாற்பது அடி தூரம்

“நான் உள்ள வரல டாக்டரம்மா. என்னை விட்டுருங்க” என்றார் சைக்கிள் கடைக்காரர். ஹோட்டலின் மாநாட்டு அறைக்கு வெளியே, ஆளுயரப் பூந்தொட்டிக்குப் பின்னால் பாதி உடம்பை மறைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

அவர் ‘டாக்டரம்மா’ என்றது, முனைவர் பட்டம் வாங்கிய பல்கலைக்கழக ஆய்வாளரை. உள்ளே எல்லாம் தயார். மூன்று கேமரா, மொழிபெயர்ப்பாளருக்குக் கண்ணாடிக் கூண்டு, மேசைக்கு ஒன்று வீதம் பதினோரு டிஷ்யூ பெட்டி.

முன் வரிசையில், பணம் கொடுக்கும் அறக்கட்டளையின் பெரிய மனிதர்கள் மூன்று பேர், காதில் ஹெட்போனோடு உட்கார்ந்திருந்தார்கள். ஐந்து நாட்டுப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்தும் எல்லைப்புற நினைவுகள் பற்றிய ஆராய்ச்சி அது. அது இன்னும் மூன்று வருடம் ஓடுமா, ஆய்வாளருக்கு வேலை நிலைக்குமா என்பதெல்லாம் அடுத்த பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

சைக்கிள் கடைக்காரரின் ஒரே தங்கையைப் பக்கத்துத் தெருவில்தான் கட்டிக் கொடுத்திருந்தார்கள். கல்யாணமான ஆறாம் மாதம், இரண்டு அரசாங்கங்களும் ஒரு வரைபடத்தை நடுவில் போட்டு அடித்துக்கொண்டதில், இரண்டு தெருவுக்கும் நடுவே கம்பிவேலி வந்துவிட்டது. அண்ணன் ஒரு நாடு, தங்கை ஒரு நாடு. வீட்டுக்கு வீடு நாற்பது அடி. அது ஆயிற்று முப்பத்தோரு வருடம்.

அந்த நாற்பது அடியைக் கடந்து இருவரையும் இங்கே சந்திக்க வைக்க, நான்கு விமானமும் இரண்டு விசாவும் மூன்றாவதாக ஒரு நாடும் தேவைப்பட்டன. கேள்வித்தாள் தயாரிக்கவே பதினெட்டு மாதம் பிடித்தது. நடுவில் வந்ததை ‘எல்லை’ என்று எழுதுவதா, ‘வேலி’ என்று எழுதுவதா என்று இரண்டு நாட்டு ஆட்களும் மல்லுக்கட்டி, கடைசியில் ‘அந்தக் கம்பி’ என்று சமரசம் செய்துகொண்டார்கள்.

கம்பி போட்ட நாளைப் பற்றி மட்டும் அறுபத்து நான்கு கேள்விகள். ஆய்வாளர் ஒன்று விடாமல் கேட்டார். கடைக்காரரும் ஒளிவுமறைவில்லாமல் பதில் சொன்னார்.

அப்பேர்ப்பட்ட மனிதர்தான் இப்போது பூந்தொட்டியை விட்டு நகர மாட்டேன் என்கிறார். ஏன் என்று கெஞ்சிக் கேட்டார் ஆய்வாளர்.

“அவ மூஞ்சில எப்படிம்மா முழிப்பேன்? தப்பெல்லாம் என்மேலதான்.”

ஆய்வாளரின் பேனா தானாக நோட்டில் ஓடியது. ‘பிரிவு உண்டாக்கிய குற்ற உணர்வு’ என்று எழுதி, அடியில் கோடும் போட்டார். கண் கலங்கியது, ஆனால் மனசு உள்ளுக்குள் ஒரு குதி குதித்தது. கட்டுரைக்குத் தலைப்பு கிடைத்துவிட்டதே.

நடந்ததற்கு அரசாங்கங்கள்தான் பொறுப்பு, தனி மனிதர் நீங்கள் என்ன செய்திருக்க முடியும் என்று இதமாக எடுத்துச் சொன்னார். கடைக்காரர் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

“இதுல அரசாங்கம் எங்கம்மா வந்துச்சு? பண்ணது நான்.”

ஆய்வாளர் இரண்டாவது கோடும் போட்டார்.

அதற்குள் கதவிடுக்கில் ஒரு வழுக்கைத் தலை எட்டிப் பார்த்தது. தங்கையின் நாட்டிலிருந்து வந்திருக்கும் பேராசிரியர் அவர். தங்கை வந்து உட்கார்ந்து அரைமணி நேரமாகிறது, உதட்டைக் கடித்துக்கொண்டு வாசலையே பார்க்கிறார், தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்று கிசுகிசுத்தார்.

‘எல்லை’யா ‘வேலி’யா தகராறில் ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தவர்கள் ஆய்வாளரும் அவரும். இப்போது பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி ஒருவர் கையை ஒருவர் பிடித்துக் குலுக்கிக்கொண்டார்கள்.

ஒருவழியாகக் கடைக்காரர் இறங்கி வந்தார். ஆனால் ஒரு நிபந்தனை போட்டார்.

“எனக்கு அவளுக்கு வலது பக்கமா நாற்காலி போட்டுருங்க. அந்தக் காது இப்பல்லாம் அவளுக்கு அவ்வளவா கேக்காது.”

ஆய்வாளர் உள்ளே ஓடி, தானே நாற்காலியை இழுத்துப் போட்டார். முப்பத்தோரு வருடம் கழித்தும் தங்கையின் எந்தக் காது என்பதுவரை நினைவு வைத்திருக்கிறாரே மனிதர் என்று பேராசிரியரிடம் சொன்னார். பேராசிரியர் ஒரேயடியாக நான்கு டிஷ்யூவை உருவினார்.

கதவு திறந்தது. கடைக்காரர் தலையைக் குனிந்தபடி, ஒவ்வோர் அடியாக வைத்து வந்தார். அறக்கட்டளைத் தலைவர் இப்போதே கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டார். மொழிபெயர்ப்பாளர் மைக்கை வாய்க்கு அருகில் இழுத்துக்கொண்டார்.

நாற்காலி வரைக்கும் வரவே தங்கை விடவில்லை. விருட்டென்று எழுந்து, கேமராக்களுக்கு நடுவே புகுந்து வந்து, அண்ணனின் தோள்கள் இரண்டையும் இறுகப் பிடித்துக்கொண்டார். மூன்று கேமராவும் அவர்கள் பக்கம் திரும்பின.

ஆய்வாளர் வெட்கமில்லாமல் அழுதுகொண்டிருந்தார். பட்ட பாடெல்லாம் இந்த ஒரு நிமிடத்துக்குத்தான். வேலை நிலைத்துவிட்டது, இனி யாராலும் அசைக்க முடியாது.

தங்கை அண்ணனின் முகத்தை நிமிர்த்தி, கண்ணுக்கு நேரே பார்த்துக் கேட்டார்.

“போன செவ்வாக்கிழமை எங்க வீட்டுலேருந்து தூக்கிட்டுப் போன ஏணி எங்கண்ணே?”