பழகாத துப்பாக்கி

"வித்த பொருளைக் கையில வெச்சுக்கிட்டுத் தர மாட்டேன்னா என்ன அர்த்தம், வெர்னா?"

ராய்ஸ் கவுன்ட்டரில் சாய்ந்தபடி கேட்டான். அமெரிக்காவில் ஓக்லஹோமா மாநிலத்தின் அந்தச் சின்ன ஊரில் துப்பாக்கிக் கடை வெர்னாவுடையது ஒன்றுதான். பக்கத்து வீட்டு ஹோமர் டில்மனைத் தன் வண்டியில் அழைத்து வந்தவன் அவன்தான். ஹோமர் இப்போது காசு கொடுத்து வாங்கிய கைத்துப்பாக்கியைப் பொறுக்கிக் கொடுத்தவனும் அவனே.

"தர மாட்டேன்னு யார் சொன்னா? பின்னாடி போய் ரெண்டு பெட்டி தோட்டா சுட்டுப் பார்க்கட்டும். அப்புறம் தாராளமா எடுத்துட்டுப் போகட்டும்."

"எழுபது வயசு மனுஷரை வதைக்கிறே. உனக்குத் தோட்டா விக்கணும், அதானே?"

"புதுத் துப்பாக்கியில ஸ்பிரிங் விறைப்பா இருக்கும், ராய்ஸ். சுடச் சுடத்தான் பழகும். உசிரை நம்பி வெச்சுக்கிற சாமான் இல்லையா?"

ஹோமர் காதுக்கு மூடியை மாட்டிக்கொண்டு, கடைக்குப் பின்னால் இருந்த சுடுமிடத்துக்கு நடந்தார். இருவரும் கூடவே போனார்கள்.

நாலாவது தோட்டாவிலேயே துப்பாக்கி சிக்கிக்கொண்டது. வெர்னா எடுத்துவிட்டாள். இரண்டு முறை சுட்டார். இப்போது சுட்ட தோட்டாவின் காலிக் குப்பி வெளியே வராமல் மாட்டிக்கொண்டது.

"பார்த்தீங்களா, ஐயா? புதுசுல சிலது இப்படித்தான் முரண்டு பிடிக்கும். இன்னும் கொஞ்சம் சுட்டா வழிக்கு வந்துடும். வீட்ல போட்டு வைக்கப் போற தோட்டாவையும் இதுல சுட்டுப் பார்த்துடணும்."

"வேண்டாம்மா. இதுவே போதும்."

"திருடன் எவனாவது உள்ளே வந்து, ரெண்டாவது தோட்டா சிக்கிக்கிச்சுன்னா என்ன பண்ணுவீங்க?"

"பெரியவர் குறி பார்த்தா ரெண்டாவது எதுக்கு?" என்று ராய்ஸ் சிரித்தான்.

ஹோமர் சிரிக்கவில்லை.

"ரெண்டாவது தேவைப்படாது" என்றார், தரையைப் பார்த்தபடி.

வெர்னா அவரை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தாள். துப்பாக்கியை மெதுவாக அவர் கையிலிருந்து வாங்கினாள். தோட்டாக்களைக் கழற்றினாள். கடைக்குள் போய், இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டினாள்.

பின்னாலேயே வந்த ராய்ஸுக்கு முகம் சிவந்துவிட்டது.

"என்ன பண்றே நீ? அவரோட துப்பாக்கி அது. இப்பவே ஷெரீஃப் போலீஸைக் கூப்பிடறேன்."

"கூப்பிடு."

வெர்னா, உள்ளே வந்த ஹோமரை நாற்காலியில் உட்கார வைத்தாள். எதிரே ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவர் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"ஐயா, நேராவே கேக்கறேன். உங்களையே சுட்டுக்கத்தான் இதை வாங்கினீங்களா?"

"உனக்கென்ன பைத்தியமா..." என்று ஆரம்பித்த ராய்ஸ், பெரியவர் அவளை இரண்டு வார்த்தை திட்டுவார் என்று காத்திருந்தான்.

ஹோமர் திட்டவில்லை. தலையை மேலும் கீழும் ஆட்டினார்.

ராய்ஸ் சுவரைப் பிடித்துக்கொண்டான்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, பெரியவரே..."

ஹோமர் நிமிர்ந்து அவனைப் பார்த்தார். குரலில் கோபமே இல்லை.

"வழி முழுக்க, எதுக்கு வாங்கறீங்கன்னு நீ கேப்பேன்னு பார்த்தேன், ராய்ஸ். நீ எந்தத் துப்பாக்கி நல்லதுன்னே சொல்லிட்டு வந்தே."