ஏறுகிற குடை, இறங்குகிற குடை

"எந்த கிராஃபை வேணும்னாலும் போடுங்க சார். பார்த்த உடனே அஞ்சு நிமிஷம் இங்கிலீஷ்ல பேசிக் காட்டுறேன்."

சொல்லி முடித்ததும் எனக்கே கொஞ்சம் அதிகமாகத்தான் பட்டது. ஆனால் வாயை விட்டாகிவிட்டது.

குடைக் கம்பெனியின் மீட்டிங் அறை. நீள மேசையைச் சுற்றி ஏழெட்டு மேனேஜர்கள். கோடியில் முதலாளி.

தன் ஆட்கள் கெட்டிக்காரர்கள்தான், ஆனால் திரையில் கிராஃபைப் போட்டால் ஒருத்தர்கூட வாயைத் திறப்பதில்லை, எல்லாம் இங்கிலீஷ் பயம் என்று அவர் ஃபோனில் குறைப்பட்டுக்கொண்டார். அதனால்தான் என்னைக் கூப்பிட்டிருந்தார். இன்றைக்கு நான் தேறினால், நான் கேட்டபடி இங்கே ஒரு வருடத்துக்கு வகுப்பு. தேறாவிட்டால் என் இங்கிலீஷ் பயிற்சி மையத்தில் வாத்தியாரும் நான்தான், மாணவனும் நான்தான்.

"இதையும் கோட்டை விட்டுட்டு வந்துடாதீங்க" என்று சொல்லித்தான் மனைவி சட்டைக்கு இஸ்திரி போட்டுக் கொடுத்திருந்தாள்.

எனக்கு ஒன்றும் பயமில்லை. கிராஃபைப் பற்றிப் பேச என்னிடம் இங்கிலீஷ் சொற்கள் மூட்டை மூட்டையாக இருந்தன. மெதுவாக ஏறினால் ஒன்று, விறுவிறுவென்று ஏறினால் வேறொன்று. லேசாகச் சறுக்கினால் 'ஸ்லைட் டிப்'. தலைகுப்புற விழுந்தால் 'ஷார்ப் ஃபால்'. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை, மரம் மாதிரி நிற்கிறதா? அதற்கும் 'லெவல்ட் ஆஃப்' என்று கௌரவமாக ஒரு பெயர் உண்டு.

திரையில் வெளிச்சம் விழுந்தது.

இரண்டே கோடுகள். ஒன்று ஏறியது, ஒன்று இறங்கியது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகூடப் பேசிவிடும்.

ஓரத்தில் இரண்டு சின்னச் சதுரங்கள். ஒன்றின் பக்கத்தில் 'நீளக் குடை', இன்னொன்றின் பக்கத்தில் 'மடக்குக் குடை' என்று எழுதியிருந்தது. ஒன்றுக்குச் சிவப்பு, ஒன்றுக்குப் பச்சை; வழக்கமாக அப்படித்தான் போடுவார்கள். நிறத்தைப் பார்த்தால் எந்தக் கோடு எந்தக் குடை என்று தெரிந்துவிடும்.

எனக்குத் தெரியாது. எனக்குச் சிவப்பும் பச்சையும் ஒரே மங்கல் பழுப்பு. பிறந்ததிலிருந்தே அப்படித்தான். என் வகுப்பில் எல்லா கிராஃபும் கறுப்பில் ஒரு முழுக்கோடு, ஒரு புள்ளிக்கோடு. அந்த நினைப்பிலேயே இங்கே வந்து சவடால் அடித்திருந்தேன்.

சமாளித்தேன். 'ஒரு குடை' சீராக ஏறுவதாகவும், 'மற்றொரு குடை' சரேலென்று விழுவதாகவும் நல்ல இங்கிலீஷில் அளந்துவிட்டேன். ஏன் ஏறுகிறது? மழை. ஏன் விழுகிறது? அதுவும் மழைதான். லேசர் பேனாவின் புள்ளி எந்தக் கோட்டிலும் உட்காராமல் நடுவில் சுற்றிச் சுற்றி வந்தது.

முதலாளி முன்னால் சாய்ந்தார்.

"அதெல்லாம் சரி. எந்தக் குடை ஏறுது, எந்தக் குடை இறங்குது? அதைச் சொல்லுங்க."

வாத்தியார்களுக்கென்று ஒரு தந்திரம் உண்டு. தனக்குத் தெரியாததை மாணவர்களிடம் கேள்வியாகக் கேட்டுவிடுவது. இதற்கு யார் பதில் சொல்லப் போகிறீர்கள் என்று சிரித்த முகத்துடன் மேசையைச் சுற்றிப் பார்த்தேன். அத்தனை தலைகளும் ஒரே சமயத்தில் குனிந்துகொண்டன. ஒருவர் பேனா மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டினார்.

சொன்னால் மானம் போகும், சொல்லாவிட்டால் வேலை போகும். எப்படியும் ஏதோ ஒன்று போகப்போகிறது என்று போட்டு உடைத்துவிட்டேன்.

"மன்னிச்சுக்குங்க சார். எனக்குச் சிவப்புக்கும் பச்சைக்கும் வித்தியாசம் தெரியாது. ரெண்டு கோடும் ஒண்ணாத்தான் தெரியுது."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

முதலாளி திரையையே வெறித்துப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார். பிறகு, அறையில் வேறு யாரும் இல்லாததுபோல் என் பக்கம் குனிந்து தாழ்ந்த குரலில் கேட்டார்.

"எனக்கும் அப்படித்தான் சார். குத்துமதிப்பாத்தான் பார்ப்பேன். இதுல இறங்குறது மடக்குக் குடைதானே?"

விற்பனையைக் கவனிக்கும் அம்மா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். மடக்குக் குடைதான் ஏறுகிறது, நீளக் குடைதான் விழுகிறது என்றார். இதே கிராஃபைப் பார்த்துவிட்டுத்தான் போன மாதம் மடக்குக் குடைப் பிரிவை நீங்கள் இழுத்து மூடினீர்கள் என்றார். அத்தனையும் இங்கிலீஷில், ஓர் இடத்தில்கூடத் தடுக்காமல். 'நீங்கள்' என்று வரும்போது மட்டும் ஒருமுறை எச்சில் விழுங்கிக்கொண்டார்.

அப்புறம் யாரையும் பிடித்து நிறுத்த முடியவில்லை. நீளக் குடையின் கோடு 'பாட்டம்ட் அவுட்', அடிமட்டத்தைத் தொட்டு நின்றுவிட்டது என்றார் கணக்கு மேனேஜர். இல்லை, இன்னும் 'பிளம்மெட்' ஆகி அதலபாதாளத்துக்கு விழுந்துகொண்டுதான் இருக்கிறது என்று அவரை மறித்தார் தொழிற்சாலை மேனேஜர். நான் என் வகுப்பில் ஒருநாளும் சொல்லிக்கொடுக்காத சொல் அது. அவர்கள் பேசுகிற அழகைப் பார்த்ததும் எனக்கு வேலை போய்விட்டது என்று புரிந்தது. இவர்களுக்கு நான் சொல்லிக்கொடுக்க என்ன இருக்கிறது?

முதலாளியின் முகம் வெளிறிப்போயிருந்தது. திங்கட்கிழமையே அந்தப் பிரிவைத் திறக்கச் சொன்னார். மேசையைச் சுற்றிக்கொண்டு நேராக என்னிடம் வந்தார். என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அவர் கண் கலங்கியிருந்தது.

"ஒரு வருஷம் ஆகும்னு சொன்னீங்க. அரை மணி நேரத்துல என் ஆளுங்களை இப்படி இங்கிலீஷ் பேச வச்சுட்டீங்களே சார்! இனிமே நம்ம எல்லாக் கிளைக்கும் நீங்கதான்."

இவர்கள் பயந்தது இங்கிலீஷுக்கு இல்லை சார், உங்களுக்கு என்று சொல்ல வாயெடுத்தேன்.

"தேங்க் யூ சார்" என்றேன்.