பதினாலும் பதினொன்றும்

“உன்னைப் பார்த்தா மட்டும் அந்த மாடி வாத்தியாருக்குப் பல்லு அத்தனையும் தெரியுதே, ஏன்?” தையல்காரர் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டில் எங்கள் ஜன்னல்கள் தாமாகவே திறந்துகொண்டன.

“கணக்கு சரியா வந்தா சிரிக்கிறார். அதுல என்ன தப்பு?” என்றாள் மனைவி.

“அப்படி என்னத்தை எழுதிக் கொடுத்திருக்கார்? நோட்டைக் காட்டுடி!”

பிடுங்கிப் பிரித்தார். ஒரு சார்புக்குள் இன்னொரு சார்பை வைத்துச் செய்யும் கணக்கு, விடை பதினாலு. கீழே சிவப்பு மையில் ‘மிக நன்று’.

தையல் மெஷின் டிராயரிலிருந்து தன் நோட்டை உருவினார். இருவரும் ஒன்றாகச் சேர்ந்த அதே முதியோர் கல்வி வகுப்பு, அதே கணக்கு; விடை பதினொன்று, குறுக்கே சிவப்புக் கோடு.

“என்னைப் பார்த்து ஒரு நாளாவது சிரிச்சிருக்காரா அந்த மனுஷன்?”

“உள்ளே இருக்கிற சார்பு மூணைக் கூட்டுது, வெளியே இருக்கிறது ரெண்டால பெருக்குது. நாலைப் போட்டா முதல்ல ஏழு, அப்புறம் பதினாலு. நீங்க முதல்லயே பெருக்கிடறீங்க. துணியை வெட்டறதுக்கு முன்னாடி தைப்பீங்களா?”

பரீட்சையில் அவள் தேறினாள், அவர் தேறவில்லை. வாத்தியார் கல்யாணம் செய்துகொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டார். இப்போது மாடியில் பாடம் எடுப்பவள் அவள்தான். முதல் பெஞ்ச்சில் தையல்காரர். அடுத்தவர் விடை சரியென்று அவள் சிரித்துவிட்டால் போதும், அன்றைக்கு மறுபடி எங்கள் ஜன்னல்கள் திறக்கும்.