இடது பக்கம் ஒரு பள்ளம்

"உள்ள வெட்டிட்டீங்களாண்ணே?" என்று வடிவேல் கேட்டான். குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

"வெட்டியாச்சு" என்றேன்.

வெட்டவில்லை.

அவனுடைய பழைய பிக்கப் வண்டியின் சீட் முத்தியால்பேட்டையில் என் கடை வாசலில் புது மெரூன் ரெக்சினோடு கிடந்தது. டிரைவரோடு மூன்று பேர் உட்காரும் நீளச் சீட். துருப்பிடித்த ஸ்பிரிங்குகளை மாற்றி, எலி கடித்த தேங்காய்நாரை வாரி வெளியே போட்டு, ஓரமெல்லாம் வெள்ளை பைப்பிங் ஓட்டியிருந்தேன். என் வேலையில் யாரும் குறை சொல்ல முடியாது. அந்த ஒன்றைத் தவிர.

இரண்டு நாள் முன்பு வண்டியை விட வந்தபோது சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினான். செய்தித்தாளில் குதிரை லாடம் மாதிரி வெட்டிய அளவு. சீட்டின் இடது பக்கம், ஸ்பாஞ்சில் அந்த அளவுக்குப் பள்ளம் வேண்டுமாம். மேலே ரெக்சினைப் பார்த்தால் தெரியவே கூடாதாம்.

எதற்கு என்று கேட்டேன்.

"ஒரு தேவைக்குத்தாண்ணே" என்று தரையைப் பார்த்தான்.

எனக்குப் புரிந்துவிட்டது. ஆள் கடலூர்ப் பக்கத்துக் கிராமம். பெரிய மார்க்கெட்டுக்குக் கத்தரிக்காய் கொண்டுவருவானாம், திரும்பும்போது காலி வண்டியாம். தவளக்குப்பம் தாண்டினால் செக்போஸ்ட். புதுச்சேரியிலிருந்து அந்தப் பக்கம் காலி வண்டி ஓட்டிக்கொண்டு போகிற உத்தமனை நான் இன்னும் பார்க்கவில்லை.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு வேன்காரன், டிபன் கேரியர் வைக்க என்று சொல்லி இப்படித்தான் ஒரு பள்ளம் கேட்டான். நானும் நம்பி வெட்டிக் கொடுத்தேன். செக்போஸ்ட்டில் சீட்டைப் பிளேடால் கிழித்தார்கள். உள்ளே நாற்பது குவாட்டர் பாட்டில். தைத்தது யார் என்று கேட்டுக்கொண்டு ஜீப் நேராக என் கடைக்கு வந்தது. பதினாறு நாள் ஜெயில். தெருவே நின்று வேடிக்கை பார்த்தது.

"இன்னொரு தபா உள்ள போனா, பசங்கள கூட்டிக்கினு எங்கம்மா வூட்டுக்குப் போயிடுவேன்" என்றாள் என் மனைவி துர்கா. சொன்னால் செய்கிறவள்.

முடியாது என்று வடிவேலின் முகத்துக்கு நேரே சொல்லவும் பயம். இந்தத் தொழிலில் இருக்கிறவர்களுக்குப் பின்னால் யார் யாரோ இருப்பார்கள். அதனால் சரி சரி என்று தலையாட்டிவிட்டு, அவன் பள்ளம் கேட்ட இடத்தில் ரீபாண்டை வைத்து அடைத்தேன். ஸ்பாஞ்சிலேயே கெட்டியானது, மரக்கட்டைக்கு ஒன்றுவிட்ட தம்பி. ஒரு தீப்பெட்டிகூட உள்ளே போகாது. வைத்துக் கடத்தட்டும் பார்க்கலாம்.

கூட வந்த பெண்மேல்தான் எனக்கு இன்னும் சந்தேகம். அன்றைக்கு வண்டியில் அவன் பக்கத்து இடம் காலியாக இருக்க, பின்னால் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே வந்தாள். இன்றைக்கும் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த நேரத்திலிருந்து கரண்ட் கம்பத்தில் சாய்ந்து நிற்கிறாள். தெருவின் இந்தக் கோடியைப் பார்க்கிறாள், அந்தக் கோடியைப் பார்க்கிறாள். நான் ஸ்டூலை எடுத்துப் போட்டேன்.

"பரவால்லண்ணே, நின்னுக்கறேன்" என்றாள்.

போலீஸ் வருகிறதா என்று பார்க்க நிறுத்திவைத்திருக்கிறான். முடிவே கட்டிவிட்டேன்.

இரண்டு பேருமாகச் சீட்டைத் தூக்கி வண்டிக்குள் வைத்து நாலு போல்ட்டையும் முறுக்கினோம். வடிவேல் தோளில் கிடந்த துண்டால் இடது பக்கத்தை மட்டும் துடைத்தான்.

"அஞ்சலாட்சி, வா" என்று கூப்பிட்டான்.

அவள் மெல்ல வந்தாள். ஒரு கையால் கதவையும் மறு கையால் அவன் தோளையும் பிடித்துக்கொண்டு, நிறைகுடத்தை இறக்கி வைப்பதுபோல் தன்னைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சீட்டில் இறக்கினாள்.

அவள் உட்கார்ந்த பிறகுதான் அவனுக்கு வாய் வந்தது.

"அடிமுதுகுல ஆபரேஷன்ணே. உக்காந்தா உயிர் போவுது. ஒருநாள் விட்டு ஒருநாள் கட்டு மாத்த வரணும், அம்மாந்தூரமும் நின்னுக்கினே வருது. அந்த எடம் சீட்டுல படக்கூடாதுன்னு நர்சம்மாதான் அளவு வெட்டிக் குடுத்தாங்க. யாருகிட்டயும் சொல்லாதன்னு இதுதான் சொல்லுச்சு. வெக்கம்."

பிறகு அவள் பக்கம் திரும்பி, எப்படி இருக்கிறது என்று கேட்டான்.

"மெத்துனு இருக்குது மாமா."

அவன் முகம் மலர்ந்துவிட்டது. நான் அவள் கைகளைப் பார்த்தேன். இரண்டு உள்ளங்கைகளையும் சீட்டில் ஊன்றி உடம்பைத் தூக்கிப் பிடித்திருந்தாள். அவளுக்கும் என் ரெக்சினுக்கும் நடுவில் ஒரு விரல்கடை இடைவெளி.

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருந்தது.

வடிவேல் சாவியைத் திருகினான்.

"நிறுத்துப்பா. நீ எறங்கும்மா, ஒரு வேல பாக்கி இருக்கு."

அவள் இறங்கியதும் பிளேடை எடுத்துவந்து இடது பக்கத்து ரெக்சினை ஒரே இழுப்பாகக் கிழித்தேன். வடிவேல் பதறி என் கையைப் பிடித்தான். உதறிவிட்டு உள்ளே கைவிட்டு இழுத்தேன். ரீபாண்ட் கட்டியாக வெளியே வந்தது.

அவன் அதை வாங்கி விரலால் அழுத்திப் பார்த்தான். அமுங்கவில்லை. பிறகு என்னைப் பார்த்தான். அன்றைக்கும் இன்றைக்கும் நான் அவனைப் பார்த்த அதே பார்வை.

"அண்ணன் மறந்துட்டிருப்பாரு, வுடு மாமா" என்றாள் அஞ்சலாட்சி, நின்றபடியே.