நடு ஏக்கர்

"என் காட்டுக்கு மேல எதுவும் போகக்கூடாது," என்று வரப்பில் நின்று கத்தினார் அர்த்தநாரி.

என் டிரோன் அப்போது அவர் காட்டுக்கு மேலேதான் போய்க்கொண்டிருந்தது. நான் ரிமோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

சேந்தமங்கலம் ரோட்டோரம் அவருக்கு எட்டு ஏக்கர். அதற்கு நட்டநடுவில் ராமாயி அக்காவுக்கு ஒரே ஒரு ஏக்கர். இரண்டிலும் மரவள்ளி.

மூன்று வருடத்துக்கு முன்பு அக்கா காட்டுக்குப் போகிற தடத்தில் கேட் போட்டுப் பூட்டிவிட்டார் மனுஷன். போக வர வழியில்லாவிட்டால் அக்கா அந்த ஒரு ஏக்கரையும் அடிமாட்டு விலைக்கு எழுதிக் கொடுத்துவிடும் என்று நினைப்பு.

மருந்தடிக்கிற ஆட்கள் முதுகில் டேங்கைக் கட்டிக்கொண்டு ஓடை வழியாகச் சுற்றி வர வேண்டும். ஒரு ஏக்கருக்குப் பத்து டேங்க். இரண்டாயிரம் தருகிறேன் என்று அக்கா கெஞ்சியும் ஒருவரும் வரவில்லை. இலையெல்லாம் மாவுப்பூச்சி வெள்ளையாக அப்பிக் கிடந்தது. இந்த முறையும் கிழங்கு இறங்காவிட்டால் விற்றுவிடுவேன் என்று சொல்லி அழுதது.

பத்து நாள் டிரோன் பயிற்சியை முடித்துவிட்டு வந்ததும் முதல் வேலையாக இங்கேதான் வந்தேன்.

ரோட்டில் நின்றபடியே அடித்தேன். பத்து லிட்டர் மருந்து, ஏழு நிமிடம், அறுநூறு ரூபாய். நடு ஏக்கர் முழுக்க நனைந்துவிட்டது. பக்கத்தில் நின்ற அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. அது சிரித்துப் பார்த்து எத்தனை நாளாயிற்று.

டிரோன் இறங்கியதும் அர்த்தநாரி என்னிடம் விறுவிறுவென்று வந்தார். முகம் கடுகடுவென்றிருந்தது. நானும் விடுவதாக இல்லை.

"இந்த வருசம் எத்தனை தடவை மருந்தடிச்சீங்க?"

"மூணு. பூச்சி போன மாதிரி போயிட்டு மறுபடியும் வந்துருது."

"நடுவுல அடிக்க உடாம சுத்தியும் அடிச்சா, வராம என்னங்க பண்ணும்?"

எட்டு ஏக்கர், மூன்று தடவை, ஆள் கூலி, மருந்து. எல்லாம் அவர் மண்டைக்குள் ஓடுவது எனக்குத் தெரிந்தது. அக்காவுக்குப் போட்ட பூட்டு அவர் பையைத்தான் காலி செய்திருந்தது.

"எட்டேக்கருக்கும் நாளைக்கு வாரியா?" என்றார் கடைசியில்.

"தடத்தைத் தொறந்து உடுங்க. வாரேன்."

அவர் அரைஞாண் கயிற்றிலிருந்து சாவியை அவிழ்த்து என் கையில் வைத்துவிட்டு, அக்காவுக்குக் கேட்காமல் குரலைத் தாழ்த்தினார்.

"சாமி, ஊட்டுல உங்கம்மாகிட்ட மட்டும் சொல்லிப்போடாத. மூணு வருசமா அவ சொல்லி நான் கேக்கல."

சாவியை அக்காவிடம் கொடுத்தேன். அப்பாவுக்கு வாக்கு எதுவும் கொடுக்கவில்லை.