காயாத பெயிண்ட்

பதினேழாவது முறை விண்ணுக்குப் போய்த் திரும்பியிருந்த ராக்கெட்டின் கரியைத் துடைத்தாள் பிலோமினா. ராக்கெட் தரையில் ஊன்றி நிற்கும் காலுக்குச் சற்று மேலே அந்தக் கைத்தடம் மறுபடி தெரிந்தது. முதல் பயணத்துக்கு முன்பு, பெயிண்ட் காயாதது தெரியாமல் கையூன்றி, அவள் கணவன் இருதயராஜ் திட்டு வாங்கிய இடம். வெட்கத்தோடு சிரித்தான். அந்தப் பயணத்திலேயே நிலாவுக்கு வேலைக்குப் போனான். ஒவ்வொரு முறையும் ராக்கெட் மட்டும்தான் திரும்பியது.

"அக்கா, நாளைக்கு முழுசா புது பெயிண்ட். அந்தக் கைத்தடத்தையும் தேய்ச்சிடுங்க" என்றார் மேற்பார்வையாளர்.

"அங்க மட்டும் வேணாம் சார், எடை கூடிரும். நீங்கதான கிராம் கிராமா கணக்குப் பாப்பீங்க?"

"ஒரு கை அளவு பெயிண்ட்ல என்னக்கா கூடிரப் போகுது?"

அவள் தன் கையை அதன்மேல் வைத்தாள். அவன் விரல்கள் எப்போதும்போல ஒரு கணு நீண்டு தெரிந்தன. உலோகம் இன்னும் சூடாக இருந்தது.