பெயரில்லாமல் வந்த கேள்வி

சாவியை அழித்துவிட்டால் எல்லாம் நின்றுவிடும். ஆசிரியை தர்சனாவின் விரல் திரையிலிருந்த நீக்கும் பொத்தானின் மேல் நின்றது.

நெடுந்தீவில் தான் படிப்பிக்கும் பாடசாலையின் இணையப் பாடத்தளத்தோடு, வெளிநாட்டு ஏஐ நிறுவனமொன்றின் ஏபிஐ சாவியை, அதாவது அதன் ஏஐயைப் பயன்படுத்த விடும் குறியீட்டை, போன கிழமைதான் அவள் இணைத்திருந்தாள். பாடசாலையில் யாரும் எந்தச் சந்தேகத்தையும் தமிழில் கேட்கலாம். கேள்விகள் அவளுடைய திரையில் தெரியும். கேட்டவரின் பெயர் தெரியாது.

பின்னம், ஒளித்தொகுப்பு என்று வந்துகொண்டிருந்த கேள்விகளுக்கு நடுவே இன்று இது வந்திருந்தது: "அவர் நேற்றும் கழுத்தை நெரிச்சவர். இண்டைக்குக் கொல்லுவன் எண்டு சொல்லிப்போட்டுப் போனவர். வீட்டை போகாமல் எங்கை தங்கலாம்?"

நம்பிக்கையான ஒருவரிடம் உடனே சொல்லுங்கள் என்று ஏஐ பதில் எழுதியிருந்தது.

மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு அதிபர் மரியநாயகியின் அறைக்கு ஓடி வந்திருந்தாள் தர்சனா. அதிபரின் செருப்புச் சத்தம் கேட்டாலே வகுப்புகள் அடங்கிவிடும். அவர் திரையைப் பார்த்தார்.

"இது ஏதும் பிழையாய்ச் சொல்லி, ஒரு பிள்ளை செத்துப்போனால் என்ன செய்யிறது மிஸ்? சாவியைக் கழட்டிவிடுறன்."

"கழட்டாதையும்," என்றார் மரியநாயகி மெதுவாக. "பிறகு அந்தச் சீவன் ஆரிட்டைக் கேக்கும்?"

தர்சனா வகுப்பு வகுப்பாக ஏறி இறங்கினாள். கொப்பி பார்ப்பதுபோலக் குனிந்து ஒவ்வொரு பிள்ளையின் கழுத்தையும் பார்த்தாள். யாரும் அழவில்லை, யாரும் கழுத்தை ஒளிக்கவில்லை.

கடைசி மணி அடித்தது. பிள்ளைகள் சிரித்துக்கொண்டு படலையைத் தாண்டிப் போனார்கள். அவர்களில் எவள் கழுத்தை நெரித்தவனிடம் திரும்பிப் போகிறாளோ என்று தர்சனா ஒவ்வொரு முகமாகப் பார்த்து நின்றாள்.

கடலுக்கு அக்கரையில் மடத்துவெளியிலுள்ள தன் வீட்டுக்குப் போக, அவள் பின்னேரப் படகைப் பிடிக்க வேண்டும். பையை எடுக்க அதிபரின் அறைக்கு வந்தாள்.

மரியநாயகி கதிரையை விட்டு எழும்பவில்லை. இரண்டு கைகளாலும் மேசை விளிம்பை இறுகப் பிடித்திருந்தார். உதடுகள் வெளிறியிருந்தன.

"தர்சனா, இண்டைக்கு உம்மடை வீட்டிலை நான் தங்கட்டே?"